கீழே இழுக்கும் கயிறு

1967-இல் கலிஃபோர்னியாவின் மரினா டெல் ரேயில் ஜிம் டிரேக் தன் பாய்ப்பலகையைத் தண்ணீரில் இறக்கியபோது, அதற்குப் பாய் கட்டுவது பெரிய வேலையாக இல்லை. டிரேக் விமானப் பொறியாளர். கூட்டாளி ஹாயில் ஷ்வைட்ஸர் அலைச்சறுக்கில் ஊறியவர், வணிகம் தெரிந்தவர். எந்தப் பக்கமும் சாயும் மூட்டில் நிற்கும் பாய்மரம், ஓட்டுபவர் பிடித்துக்கொள்ள இருபுறமும் வளைந்து போகும் பூம், மரத்தின் மேல் உறையாக மாட்டும் முக்கோணப் பாய், இவ்வளவுதான் அமைப்பு. பாயின் அடிமூலைக் கண்ணியில் ஒரு கயிற்றைக் கோத்து, சுருக்கம் போகும்வரை இழுத்துக் கட்டினால் போதும். அந்தக் கயிறுதான் டவுன்ஹால். பாயின் வயிற்றை ஆழமாக்குவதும் தட்டையாக்குவதும் பூமின் பின்முனையில் கட்டும் அவுட்ஹாலின் பொறுப்பு.

1970 ஜனவரியில் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. பிறகு வந்த வழக்குகள் மூட்டையும் பூமையும் சுற்றியே நடந்தன. இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் 1958-இலேயே பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் இப்படியொரு பலகை செய்து ஓட்டியிருந்தான். பென்சில்வேனியாவின் நியூமன் டார்பி தன் பாய்ப்பலகையைப் பற்றி 1965-இல் 'பாப்புலர் சயின்ஸ்' இதழில் எழுதியிருந்தார். இவற்றைச் சான்றாகக் கொண்டு இங்கிலாந்து நீதிமன்றம் அங்கே அந்தக் காப்புரிமை செல்லாது என்றது.

காற்று வலுத்தபோதுதான் பாயின் குறை தெரிந்தது. பலத்த காற்று ஒன்று அடித்ததும் துணியின் வயிறு பின்பக்கம் நகரும். இழுவையும் அதோடு நகரும். ஓட்டுபவர் பூமோடு சேர்ந்து தூக்கி எறியப்படுவார். இதற்கு விடை தேடியே 1980-களின் பாய்கள் மாறின. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை ஓடும் முழுநீளப் பேட்டன்கள் எனும் விறைப்பான பட்டைகள் வயிற்றை ஓரிடத்தில் பிடித்து வைத்தன. 1983-இல் இங்கிலாந்தின் வேமவுத்தில் ஃப்ரெட் ஹேவுட் என்ற வீரர், விமான இறக்கைபோல் முகப்பு வளைந்த பாய்மரத்தோடு 30 நாட் வேகத்தைத் தாண்டினார். மரத்தை மாற்றாமலே அந்த முகப்பு வடிவைத் தரும் கேம்பர் இண்டியூசர்களும் அந்தப் பத்தாண்டிலேயே வந்துவிட்டன.

ஆனாலும் உண்மையான திருப்பம் அடிக்கயிற்றில் வந்தது. 1990-களின் முற்பகுதியில் பாய் வடிவமைப்பாளர்கள் பாய்மரத்தையே வில்லாக வளைக்கத் தொடங்கினார்கள். டவுன்ஹாலை வலுவாக இழுத்தால் மரத்தின் நுனி பின்னால் வளையும். அப்போது பாயின் மேற்பகுதியில் பின்விளிம்பு தளர்ந்து துவளும். பலத்த காற்று அடித்தால் அந்தத் தளர்ந்த பகுதி முறுக்கித் திறந்து, மிஞ்சிய காற்றை வெளியே விட்டுவிடும். இழுவை இடம் மாறாது. அவுட்ஹாலிடம் இருந்த அதிகாரம் டவுன்ஹாலுக்குப் போனது. பாய்ப்பலகை விளையாட்டின் வரலாற்றில் மூட்டுக்கு அடுத்த பெரிய மாற்றம் இதுவே என்று சொல்லலாம்.

விலை என்னவென்றால், வெறுங்கையால் இழுக்க முடியாத இறுக்கம் தேவைப்பட்டது. அதனால் கப்பிகள் வந்தன. கிணற்றில் தொங்கும் ஒற்றைக் கப்பி விசையின் திசையை மட்டுமே மாற்றும். இங்கே பாயின் அடிமூலையில் மூன்று சிறு உருளைகள், பாய்மரத்தின் அடியில் செருகும் எக்ஸ்டென்ஷனில் அவற்றுக்கு எதிராக உருளைகள். கயிற்றின் ஒரு முனையை எக்ஸ்டென்ஷனில் முடிச்சிட்டு, மேலும் கீழுமாக மூன்று முறை சுற்றி, கடைசியில் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டின் பற்களுக்குள் விடுவார்கள். இடையே ஆறு இழைகள் ஓடும். 20 கிலோ விசையில் இழுத்தால் கணக்குப்படி 120 கிலோ கிடைக்க வேண்டும். அதில் கணிசமான பங்கை உராய்வு தின்றுவிடும்.

கோக்கும் ஒழுங்கு முக்கியமாவது இந்த உராய்வால்தான். கிளீட்டுக்கு எதிர் ஓரத்தில் தொடங்கி, உருளை விட்டு உருளை தாவாமல், கிளீட் இருக்கும் பக்கத்தில் வந்து முடிக்க வேண்டும். ஆறு இழைகளும் இணையாக நிற்க வேண்டும். ஓரிடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் கயிறு கயிற்றையே தேய்க்கும். எவ்வளவு இழுத்தாலும் கடைசிச் சில சென்டிமீட்டர் வராது. அந்தச் சில சென்டிமீட்டரில்தான் பாயின் குணமே இருக்கிறது. சரியாகக் கோத்தபின் தரையில் உட்கார்ந்து, மரத்தின் அடியில் காலை ஊன்றி, கயிற்றைக் கைப்பிடி ஒன்றில் சுற்றி, மரத்தின் நேர்கோட்டில் இழுக்க வேண்டும். அவுட்ஹாலின் முறை அதற்குப் பிறகுதான். கழற்றும்போது முதலில் அவுட்ஹால், பிறகு டவுன்ஹால்.

பழைய பாயில் பழகியவர்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் ஒரே தயக்கம்: மேலே துணி தளர்ந்து துவள்வதைக் கண்டதும், அளவுக்கு மீறி இழுத்துவிட்டோம் என்று கயிற்றைத் தளர்த்திவிடுகிறார்கள். கரையில் அழகாக விறைத்து நிற்கும் அந்தப் பாய், தண்ணீரில் கையை ஒடிக்கும். இந்தத் தயக்கத்துக்காகவே, துவளல் எதுவரை வர வேண்டும் என்று காட்டும் குறிகளைச் சில நிறுவனங்கள் பாயின் மேற்பகுதியிலேயே அச்சிட்டுத் தருகின்றன. முன்விளிம்பின் நீளமும் பூமின் நீளமும் பாயின் மேலேயே எண்களாக இருக்கும். எக்ஸ்டென்ஷனை அந்த அளவுக்கு வைத்துவிட்டு, குறியைத் தொடும்வரை இழுக்கலாம்.