மூணு நாள் லீவுல மவுண்டன் பைக்கிங்: ஐரோப்பாவில் எந்த மாதம், எந்த ஊர்? முழு விவரம்

மே மாதம் வந்தாலே ஐரோப்பாவில் விடுமுறைகள் வரிசைகட்டி நிற்கும். ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியாவில் இருப்பவர்கள் இயேசு விண்ணேற்ற நாளான வியாழக்கிழமையோடு, வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் போதும். நான்கு நாள் கையில் இருக்கும். உடனே ஆல்ப்ஸ் மலைக்கு டிக்கெட் போட்டு, ரூமும் புக் செய்து, போய் இறங்கினால்... லிஃப்ட் ஓடாது! மலை உச்சியில் பனியே இன்னும் உருகியிருக்காது. காசும் போச்சு, லீவும் போச்சு.

போட்டோவைப் பார்த்து ஊரை முடிவு செய்வதால் வரும் சிக்கல் இது. இரண்டு வாரப் பயணம் என்றால் சமாளிக்கலாம். மூணு நாளில் ஒரு நாள் வீணானாலும் பெரிய நஷ்டம்தான். அதனால் முதலில் மாதம், அடுத்து ஏர்போர்ட்டிலிருந்து தூரம், அதன்பிறகு உங்கள் அனுபவம் என்ற வரிசையில் யோசிங்க. இந்த மூன்றையும் வைத்து, பைக்கர்கள் அதிகம் போகும் மூன்று இடங்களைப் பார்க்கலாம்.

மார்ச் - மே, அக்டோபர் - நவம்பர்: ஃபினாலே லிகுரே, இத்தாலி

இது மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊர். ஜெனோவா ஏர்போர்ட்டிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம்தான். கடற்கரையை ஒட்டியே ரயில் நிலையமும் உண்டு.

இங்கே லிஃப்ட்டுக்குப் பதில் ஷட்டில் வேன். பைக்குகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கைவிடப்பட்ட பழைய நேட்டோ ராணுவத் தளம் வரை கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து காடு, பாறை எல்லாம் தாண்டி கடல் பக்கமாக இறங்கி வரலாம். எண்டூரோ வேர்ல்ட் சீரிஸ் போட்டி தொடங்கிய 2013-ல், அதன் கடைசிச் சுற்று நடந்தது இங்கேதான்.

கவனிக்க வேண்டியது: பாதைகளில் சுண்ணாம்புப் பாறை அதிகம். மழை பெய்தால் வழுக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் வாட்டும்.

ஜூன் கடைசி - செப்டம்பர் தொடக்கம்: லே ஜே, மோர்சீன், பிரான்ஸ்

ஜெனீவா ஏர்போர்ட்டிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து எல்லையில் 12 மலை ஊர்களை இணைக்கும் 'போர்த் து சொலெய்' பகுதியில் இந்த ஊர்கள் இருக்கின்றன. லிஃப்ட்டில் பைக்கோடு ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறலாம். காலையில் பிரான்ஸ், மதியம் சுவிட்சர்லாந்து என்று ஒரே நாளில் இரண்டு நாடுகளில் பைக் ஓட்டலாம். 2004, 2022 என இரண்டு முறை மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப் லே ஜேயில் நடந்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது: டிக்கெட் போடும் முன்பே, லிஃப்ட் திறக்கும் தேதியை அந்த ஊரின் அதிகாரபூர்வ தளத்தில் பார்த்துவிடுங்கள். எல்லா லிஃப்ட்டும் ஒரே நாளில் திறப்பதில்லை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை என்பதால், எல்லை தாண்டியதும் சில சிம்களில் ரோமிங் கட்டணம் ஏறும்.

ஏப்ரல் - அக்டோபர்: கிளென்ட்ரெஸ், ஸ்காட்லாந்து

எடின்பரோவிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் பீபிள்ஸ் என்ற ஊர். அதன் பக்கத்தில்தான் கிளென்ட்ரெஸ் காடு. 2023 உலக சாம்பியன்ஷிப்பின் கிராஸ் கன்ட்ரி போட்டிகள் நடந்த இடம். பாதைகளில் ஓட்டக் கட்டணம் இல்லை, பார்க்கிங்குக்கு மட்டும்தான். கல், ஜல்லி போட்டு அமைத்த பாதைகள் என்பதால் மழை பெய்தாலும் ஓட்ட முடியும்.

கவனிக்க வேண்டியது: இங்கே லிஃப்ட் கிடையாது. மேலே ஏற நீங்களேதான் மிதிக்கணும்.

நிறத்தை நம்பலாமா?

பாதைகளுக்கு பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என நான்கு நிறங்கள். பச்சை எளிது, கறுப்பு மிகக் கடினம். ஆனால் ஒரு ஊரின் சிவப்பும் இன்னொரு ஊரின் சிவப்பும் ஒன்றல்ல. எந்த ஊராக இருந்தாலும் முதல் ரவுண்டை நீலத்தில் ஆரம்பிங்க.

சொந்த பைக்கா, வாடகையா?

மூணு நாளுக்கு வாடகைதான் லாபம். விமானத்தில் பைக் கொண்டுபோனால் போகவர இரண்டு முறை கட்டணம், கழற்றி மாட்ட பல மணி நேரம். இ-பைக் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோகவே முடியாது. 160 வாட் ஹவருக்கு மேல் உள்ள லித்தியம் பேட்டரிக்கு அனுமதி இல்லை, இ-பைக் பேட்டரிகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை.

பைக்கைக் கையில் வாங்கியதும் பிரேக்கைச் சோதிங்க. பிரிட்டனில் வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு. பிரான்ஸ், இத்தாலியில் அப்படியே தலைகீழ், இடது கைதான் முன் சக்கரம். நம்ம ஊர் டூவீலரில் வலது கையில் முன் பிரேக் பிடித்துப் பழகியவர்கள், செங்குத்தான இறக்கத்தில் தவறான கையை அழுத்தினால் தலைக்குப்புற விழ வேண்டியதுதான். கடையில் கேட்டால் மாற்றித் தருவார்களா என்று விசாரிங்க. இல்லையென்றால் சமதளத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பழகுங்க.

விசா, இன்சூரன்ஸ் முக்கியம்

பிரிட்டனில் படிக்கும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட் மாணவர்கள் இத்தாலி, பிரான்ஸ் போக ஷெங்கன் விசா வேண்டும். முடிவாகப் பொதுவாக 15 நாள் ஆகும், கூட்டம் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாட்டின் ரெசிடென்ஸ் பெர்மிட் இருந்தால் தனி விசா தேவையில்லை. ஆனால் அதை வைத்து ஸ்காட்லாந்து போக முடியாது, பிரிட்டன் விசா எடுக்கணும்.

சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் பலவற்றில் டவுன்ஹில் பைக்கிங் வராது. பாலிசியில் 'மவுண்டன் பைக்கிங்', 'ஹெலிகாப்டர் மீட்பு' இரண்டும் இருக்கிறதா பாருங்க. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியாவில் மலையில் அடிபட்டு ஹெலிகாப்டர் வந்தால், அந்த பில் உங்கள் கைக்கே வரலாம். அவசர உதவிக்கு இந்த எல்லா நாடுகளிலும் 112.

அப்போ எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

* ஈஸ்டர், மே விடுமுறை, நவம்பர் 1: ஃபினாலே லிகுரே
* ஜூலை, ஆகஸ்ட் 15 விடுமுறை: லே ஜே, மோர்சீன்
* முதல்முறை போகிறவர்கள், பட்ஜெட் குறைவு, பிரிட்டனில் இருப்பவர்கள்: கிளென்ட்ரெஸ்

கடைசியாக ஒன்று. திரும்பும் விமானத்தை மூணாவது நாள் இரவுக்குப் போடுங்க. ஆனால் அன்று மதியத்தோடு பைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்க. உடம்பு களைத்த பிறகு, 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று போகும்போதுதான் கை தடுமாறும்.