காத்திருந்தோரின் விடுதலை

விடுதலை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் தோன்றுவன கொடியும் முழக்கமும் தலைவர்தம் திருவுருவங்களுமே. களம் புகுந்த வீரனைப் பாடாத மொழி இல்லை. ஆயின், அவன் சென்றபின் பிள்ளைகளை வளர்த்து, வாராத கடிதத்திற்காக வாயிலை நோக்கியிருந்த குடும்பத்தை வரலாறு எத்துணைப் பக்கங்களில் பேசியிருக்கிறது? சிங்கப்பூர் மண்ணே இவ்வினாவை நம்முன் நிறுத்துகிறது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. 17ஆம் நாள், சிராங்கூன் சாலைக்கு அணித்தே உள்ள ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் படைவீரர் ஏறத்தாழ 40,000 பேர் திரட்டப்பட்டு, மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டனர். தாயகத்தை மீட்கும் படையில் சேருமாறு கேப்டன் மோகன்சிங் அவர்களை அழைத்தார். ஒருபுறம் எடுத்துக்கொண்ட உறுதிமொழி. மறுபுறம் அடிமைப்பட்டுக் கிடக்கும் தாய்நாடு. பலர் சேர்ந்தனர், பலர் மறுத்தனர். மறுத்தோருள் பலர் நியூகினி முதலிய தொலைதீவுகளுக்கு அனுப்பப்பட்டு, பசியாலும் பிணியாலும் மாண்டனர்.

இருசாராரும் மனச்சான்றுக்கு அஞ்சியே வழி தேர்ந்தனர் எனலாம். ஆனால், கடலுக்கு அப்பால் இருந்த அவர்தம் இல்லங்களுக்கு எந்தத் தேர்வும் தரப்படவில்லை. சேர்ந்தவன் வீட்டிலும் சேராதவன் வீட்டிலும் ஒரே இருள்தான் சூழ்ந்திருந்தது. தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின்னரும் ஒரே மகனைக் களத்திற்கு அனுப்பிய தாயை ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் பாடினார். அத்தாய் தானே வேல் கொடுத்து அனுப்பினாள். 1942இன் தாய்மார்க்கோ, மகன் உயிருடன் உள்ளானா என்பதுகூடத் தெரியாது.

1943 சூலை 2ஆம் நாள் நேதாசி சுபாசு சந்திர போசு சிங்கப்பூர் வந்தார். 4ஆம் நாள் கேத்தே அரங்கில் இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையை ஏற்றார். 5ஆம் நாள் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். மருத்துவர் இலட்சுமி தம் தொழிலைத் துறந்து சான்சி இராணி படையின் தலைவியானார். அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ தெருவில் அப்படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப்பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். இந்தியாவையே கண்டிராத பலரும் அவர்களுள் இருந்தனர்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மணமாகாத பெண் படையில் சேரத் தந்தையின் கையொப்பமும், மணமானவள் சேரக் கணவனின் கையொப்பமும் வேண்டப்பட்டன. கோலாலம்பூரில் நேதாசியின் உரை கேட்டுத் தம் அணிகலன்களைக் கழற்றித் தந்த சானகிக்கு அப்போது வயது 18. பின்னாளில் சானகி ஆதி நாகப்பன் எனப் பெயர் பெற்ற அவரும் தந்தையின் இசைவு பெற்ற பின்னரே படையில் சேர இயன்றது. ஈகம் என்பது களத்தில் சிந்தும் குருதி மட்டுமன்று. நடுங்கும் கையால் தந்தை இட்ட கையொப்பமும் ஈகமே அன்றோ?

1944இல் இம்பால் படையெடுப்பு தோல்வியுற்றது. 1945 ஏப்ரலில் இரங்கூனிலிருந்து பின்வாங்கிய மகளிர் படையினர் நேதாசியோடு இரவுகளில் கால்நடையாகச் சென்றனர். அவ்வாண்டு சூலை 8ஆம் நாள் எசுப்பிளனேடில் அவர் அடிக்கல் நாட்டி எழுந்த நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயர் தகர்த்தனர். 1947இல் இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் இந்திய தேசிய இராணுவத்தார் நாட்டின் படையில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்க்கான ஓய்வூதியத் திட்டம் 1972இல்தான் வந்தது. இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அக்குடும்பங்களின் உலை எவ்வாறு கொதித்தது என்பதை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை.

ஆங்கில அரசின் படையில் நின்று மாண்டோர்க்கோ, கிராஞ்சியில் 1957இல் நினைவகம் எழுந்தது. உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியப் பெயர்களும் பல. எசுப்பிளனேடில் தகர்ந்த சின்னம் நின்ற இடத்திலோ 1995இல்தான் ஓர் அடையாளக் கல் நடப்பட்டது. கற்கள் இரண்டு இடங்களில் நிற்கலாம். கண்ணீர் இரண்டு வகைப்படாது.

அங்ஙனமாயின் விடுதலையின் பொருள் யாது? அயலார் ஆட்சி அகல்வது அதன் தொடக்கமே. விடுதலைக்காக இழந்தவர் வீட்டில் எரியாத அடுப்பு இருக்குமாயின், அந்நாட்டின் விடுதலை இன்னும் நிறைவு பெறவில்லை என்பதே பொருள். சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவைக்கு இல்லந்தோறும் மைந்தர் செல்கின்றனர். சீருடை அணிந்த மகனைப் பெருமிதத்தோடு நோக்கும் அன்னையின் நெஞ்சில் அச்சமும் ஒருங்கே உறைகிறது. அவ்வச்சத்தைச் சுமந்துகொண்டே அவனை வழியனுப்பும் இல்லங்களின்மீதே நாடு நிற்கிறது. வீரனுக்கு மாலை சூட்டும் கைகள், அவன் வீட்டு வாயிலையும் ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும்!