அசையும் அழுத்தமும்

ஆங்கிலச் சொல்லைப் பிழையற ஒலிக்க எழுத்தறிவு மட்டும் போதாது. சொல் எவ்வாறு அசைகளாகப் பிரிகிறது என்பதையும், அவற்றுள் எவ்வசை ஓங்கி ஒலிக்கிறது என்பதையும் அறிதல் வேண்டும். இவ்விரண்டையும் நூல்வழி வரையறுக்க ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் நெடுங்காலம் தேவைப்பட்டது.

பழைய ஆங்கிலம் செருமானியக் குடும்பத்து மொழி. அதன் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் முதலசையிலேயே நின்றது. 1066 ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்களும், மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன், கிரேக்கச் சொற்களும் பெருகின. அவற்றோடு வந்த ஈறுகள் அழுத்தத்தை இடம்பெயரச் செய்தன. கிரேக்க வேர்களினின்றும் பின்னாளில் ஆக்கப்பட்ட 'ஃபோட்டோகிராஃப்' முதலசையிலும், 'ஃபோட்டோகிராஃபி' இரண்டாம் அசையிலும், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாம் அசையிலும் அழுத்தம் பெறுதல் காண்க.

1755 இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் அழுத்தம் விழும் இடத்தைக் குறியிட்டுக் காட்டினார். ஆயினும் பள்ளிநூல்கள் செவியைக் கருதாது, பழைய விதிப்படியே சொற்களைப் பிரித்து வந்தன. 'கிளஸ்டர்' என்பது 'கிளூ–ஸ்டர்' எனப் படிக்கத் தோன்றுமாறு பிரிக்கப்பட்டது. 1783 இல் நோவா வெப்ஸ்டர் அமெரிக்காவில் வெளியிட்ட எழுத்துப் பயிற்சி நூல் இதனை மறுத்தது. ஒலிக்குமாறே பிரித்தல் வேண்டும் என்று கூறி, அவர் 'கிளஸ்–டர்' என வகுத்தார். ஈரசையாக எண்ணப்பட்டுவந்த 'ஷன்' ஈற்றை ஓரசையாக்கினார். 1791 இல் ஜான் வாக்கரின் ஒலிப்பகராதியும், 1917 இல் டேனியல் ஜோன்ஸின் ஒலிப்பகராதியும் இவ்வாய்வை மேலும் வளர்த்தன.

தமிழ் மாணவர் ஈண்டு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். தொல்காப்பியர் வகுத்த நேரும் நிரையும் யாப்புக்கு உரியன. 'மலர்' என்பது யாப்பில் நிரையசை, ஆதலின் ஓரசையே. ஆங்கில முறையில் உயிரொலிதோறும் ஓரசை எண்ணப்படுதலின் அஃது ஈரசையாகும். தமிழில் அழுத்தம் சொற்பொருளை மாற்றுவதில்லை. ஆங்கிலத்திலோ 'ரெக்கார்டு' முதலசை அழுத்தத்தால் பெயராகவும், இரண்டாம் அசை அழுத்தத்தால் வினையாகவும் நிற்கும்.

எனவே, நீண்ட சொல்லைக் கண்டவிடத்து முதலில் உயிரொலிகளை எண்ணுக. பின்னர் ஈற்றை நோக்குக. 'ஷன்' ஈற்றுக்கு முன்னசையே அழுத்தம் பெறும். 'இக்' ஈற்றுக்கும் பெரும்பாலும் அதுவே விதி. கணக்கியலைக் குறிக்கும் 'அரித்மெட்டிக்' அதற்கு விலக்கு. ஐயம் எழுமிடத்து அகராதியே துணை. கண்ணால் மட்டும் கற்பிக்கப்படும் சொல் மாணவன் நாவில் பிழைபடும். செவியறியக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.