ஒருகொடவத்தையின் தாங்கிகளும் பெட்டிகளும்

ஒருகொடவத்தைச் சந்தியால் போகிற எவருக்கும் இரண்டு விஷயம் கட்டாயம் கண்ணில் படும். ஒன்று, சுங்கத்தின் கொள்கலன் தளத்துக்குப் போய்வருகிற கொண்டெயினர் லொறிகள். மற்றது, கொலன்னாவைப் பக்கம் ஓடுகிற எண்ணெய் பவுசர்கள். டிரஃபிக்கில் மாட்டினால் இரண்டையும் திட்டிவிட்டுப் போவோம். ஆனால் இரண்டுக்கும் பின்னால் ஒரு இராணுவ வரலாறு இருக்கு. இராணுவத்துக்குச் சாமான் எப்படிப் போய்ச் சேருது, அதை மேம்படுத்த யார் காசு போட்டார்கள், அந்தக் காசால் கடைசியில் யாருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் அந்த வரலாறு.

எங்கட கலைப்பீடத்தில் 'லொஜிஸ்டிக்ஸ்' என்றால் முகாமைத்துவப் பிள்ளைகளின் பாடம் என்று விட்டுவிடுவோம். நான் அப்படி நினைக்கவில்லை. இலங்கைப் போரின் பெரும்பகுதியை வழங்கல் பாதைகளின் கதையாகவே எழுதலாம்.

1995 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணத்தைப் பிடிக்க 'ரிவிரெச' நடவடிக்கை தொடங்கியது. மூன்றே நாளில், ஒக்டோபர் 20 அன்று, கொலன்னாவை, ஒருகொடவத்தை எண்ணெய்த் தாங்கிகளை விடுதலைப் புலிகள் தாக்கினார்கள். தாங்கிகள் எரிந்தன, பாதுகாப்புப் படையினர் உயிரிழந்தார்கள். ஏன் எண்ணெய்? டாங்கிக்கும் டிரக்குக்கும் விமானத்துக்கும் அதுதான் சாப்பாடு. பத்து நாள் கழித்து, ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் வீட்டை விட்டு நடந்தது. வடக்கில் ஒரு போர், கொழும்பில் ஒரு போர் என்று நாங்கள் பிரித்துச் சொல்வோம். எண்ணெய் போகிற வழியில் பார்த்தால் அது ஒரே போர்.

பிறகும் அதே கதைதான். 1997 மே 13 அன்று தொடங்கிய 'ஜயசிக்குறு', வவுனியாவில் இருந்து ஏ-9 வீதியைத் திறந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி எடுப்பதற்கான நடவடிக்கை. ஒரு ரோட்டுக்காக ஒன்றரை வருஷத்துக்கு மேல் சண்டை. ஆயிரக்கணக்கான உயிர்கள் போயும் ரோட் முழுதாகத் திறபடவில்லை, 1998 டிசம்பரில் கைவிட்டார்கள். 2000 ஏப்ரலில் ஆனையிறவுத் தளம் விழுந்தபோது, இயக்கச்சிக் கிணறுகள் கைமாறியதும் அங்கே இருந்த படையினருக்குக் குடிதண்ணீர் இல்லாமல் போனதும் முக்கியமான காரணம். துவக்கும் குண்டும் இருந்தும் தண்ணீர் இல்லாமல் ஒரு பெரிய தளம் போயிற்று.

இந்தப் பயம் அரசுகளுக்கு எப்போதும் இருந்தது. அதனால்தான் படையின் வழங்கலுக்கு ஆராய்ச்சி என்றால் பணம் வந்தது. இதில் எனக்குப் பிடித்த உதாரணம் எங்கட வீட்டுச் சமையலறையிலேயே இருக்கு: ரின் மீன்.

நெப்போலியன் காலத்துப் பிரான்சில் படைக்கும் கடற்படைக்கும் கெட்டுப்போகாத சாப்பாடு தேவைப்பட்டது. நிக்கொலா அப்பேர் என்ற இனிப்புத் தயாரிப்பாளர் பல வருஷம் பரிசோதனை செய்து, கண்ணாடிப் போத்தலில் சாப்பாட்டை அடைத்து, மூடி, கொதிநீரில் சூடாக்கிப் பாதுகாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1810-இல் அரசு அவருக்கு 12,000 பிராங்க் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: முறையை எழுதி வெளியிட வேண்டும். அப்பேர் காப்புரிமைக்குப் போகவில்லை. பணத்தை வாங்கினார், அதே வருஷம் புத்தகமும் போட்டார். ஏன் கெடவில்லை என்பதைப் பாஸ்டர் விளக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. ஆனால் செய்முறை வெளியே வந்துவிட்டதால், படைக்காகத் தொடங்கியது உலகத்துச் சமையலறைக்கு வந்தது.

இரண்டாவது உதாரணம், ஒருகொடவத்தையில் நிற்கிற அந்தப் பெட்டி. கொரியப் போர்க் காலத்தில் அமெரிக்க இராணுவம் 'கொனெக்ஸ்' என்ற இரும்புப் பெட்டிகளைப் பாவித்தது. சாமானைத் திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றாமல் பெட்டியோடேயே அனுப்பினால் நேரமும் மிச்சம், களவும் குறைவு. தனியார் பக்கத்தில் மல்கம் மக்லீன் 1956 ஏப்ரல் 26 அன்று 58 பெட்டிகளோடு 'ஐடியல்-எக்ஸ்' கப்பலை நியூவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இது பெருந்தொழிலாக மாற வியட்நாம் போர் உதவியது. அங்கே துறைமுகங்களில் சாமான் குவிந்து இராணுவம் திணற, மக்லீனின் கம்பனிக்கு ஒப்பந்தம் கிடைத்தது. 1967 இறுதியில் கம்ரான் விரிகுடாவுக்கு அவருடைய கொள்கலன் கப்பல்கள் போகத் தொடங்கின. போகும்போது இராணுவச் சாமான், திரும்பும் வழியில் ஜப்பானில் ஏற்றிய ஏற்றுமதிப் பொருட்கள்.

இதிலும் ஒரு திறந்த கை இருக்கு. பெட்டியின் மூலைப்பூட்டுக்கான காப்புரிமையை மக்லீன் கட்டணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். அதனால் ஒரே அளவு, ஒரே பூட்டு என்ற உலகத் தரம் சாத்தியமானது. எந்த நாட்டுப் பெட்டியும் கொழும்புத் துறைமுகத்துப் பாரந்தூக்கியில் கொளுவுவது அதனால்தான்.

இப்ப எங்கட நாட்டுக்கு வருவோம். வீதிக் கண்ணிவெடிகள் கூடியபோது இலங்கை இராணுவம் தென்னாபிரிக்காவின் 'பஃபல்' வாகனங்களை வாங்கியது. பிறகு இராணுவத்தின் மின்சார, இயந்திரப் பொறியியல் படையணி அதைப் பார்த்து 'யுனிகோர்ன்', 'யுனிபஃபல்' என்று உள்ளூரிலேயே செய்தது. ஆராய்ச்சிக்குக் குறைவாகச் செலவழிக்கிற நாட்டில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 வீதம்கூட இல்லை) இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு ஆராய்ச்சியும் நடந்தது. அதுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. 1990-இல் இருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடைப் பட்டியலில். கரண்டும் இல்லை. சனம் என்ன செய்தது? கொஞ்சம் பெற்றோலை விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. ஜாம் போத்தலில் சிக்கன விளக்குச் செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தது. கிளாலி நீரேரியை இரவில் படகில் கடந்தது. படைக்கு லொஜிஸ்டிக்ஸ் என்றால் சாமானைக் கொண்டுபோவது. இந்தச் சனத்துக்கு அது சாமானை மறிப்பதாக வந்தது. பாதையைத் திறக்கத் தெரிந்த அறிவுக்கு, அதை மூடவும் தெரியும். எதைச் செய்வது என்று ஆராய்ச்சி தீர்மானிப்பதில்லை. அரசியல் தீர்மானிக்கும்.

அப்படியென்றால் இராணுவ வழங்கல் ஆராய்ச்சிக்குக் காசே கொடுக்கக் கூடாதா? சில நண்பர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு முழு உடன்பாடு இல்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை மூழ்கியபோது ஒழுங்கைகளுக்குள் படகோடு வந்தவர்கள் முப்படையினர். அவர்களுக்குப் படகும் ஆளும் அனுபவமும் இருந்தது. அந்த அறிவு நாட்டுக்குத் தேவை. 2022-இல் எரிபொருள் கியூவில் நாட்கணக்கில் நின்ற நாடு, ஒரு கியூஆர் கோட் முறை வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டது. மோட்டார் சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர்தான், ஆனாலும் எல்லாருக்கும் ஒரே கணக்கு. அதுவும் வழங்கல் ஆராய்ச்சிதான், சனத்துக்காகச் செய்தது.

ஆகவே என் கேள்வி எவ்வளவு காசு என்பது மட்டும் இல்லை. அப்பேருக்குப் போட்ட நிபந்தனையை நாங்களும் போடுகிறோமா? பாதுகாப்பு நிதியில் நடக்கிற வழங்கல் ஆய்வுகளில், இரகசியம் தேவைப்படாத எல்லாம் சிங்களத்திலும் தமிழிலும் வெளியே வர வேண்டும். வெள்ளம், மண்சரிவு, தட்டுப்பாடு ஆகியவை அந்த ஆய்வின் முதல் பரிசோதனைக் களமாக இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பகுதிச் சனத்தின் மருந்தையும் சாப்பாட்டையும் மறிப்பதற்கு அந்த அறிவைப் பாவிக்க முடியாதபடி சட்டத்தில் எழுத வேண்டும்.

இன்னொன்று எங்களைப் போன்ற வரலாற்று மாணவர்களுக்கு. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும் இப்போது ஐம்பது, அறுபது வயதைத் தாண்டுகிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கட பக்கத்து வீடுகளிலேயே இருக்கிறார்கள். இராணுவத்தின் வழங்கல் வரலாற்றை இராணுவம் எழுதிக்கொள்ளும். இவர்களுடையதை ஒரு ரெக்கோடரும் கொப்பியும் கொண்டுபோய் நாங்கள்தான் எழுத வேணும்.