இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயம்: பாடத்திட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்க மரபாகக் குறிக்கப்பட்ட நாள் ஜூன் 12. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருக்கும் டெல்டா விவசாயிகள் அதற்கு முன்பே குறுவைக்கு நாற்று விட்டிருப்பார்கள். வாய்க்கால்களில் தூர்வாரும் வேலை முடிந்தும் முடியாமலும் இருக்கும். விதைநெல் எந்த ரகம், பயிர்க்கடன் எப்போது வரும், டி.ஏ.பி. இருப்பு இருக்கிறதா என்று வேளாண் விரிவாக்க மையத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் நடை நடந்துகொண்டிருக்கும். ஓர் ஆண்டின் சாகுபடியைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பெரும்பகுதி எடுக்கப்படும் இந்த வாரங்களில் வேளாண்மை மாணவர் பெரும்பாலும் கல்லூரியிலேயே இருப்பதில்லை. ஒன்று, தேர்வு முடிந்து விடுமுறையில் இருக்கிறார். இல்லையென்றால் மேல்நிலைத் தேர்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சேர்க்கைக்குக் காத்திருக்கிறார்.

இதைக் கால அட்டவணையின் சிறு கோளாறு என்று தள்ளிவிட முடியாது. நான்காண்டுப் பட்டப்படிப்பில் ஒரு குறுவை கைநழுவினால் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டாண்டுப் பட்டயப் படிப்பில் இருப்பதே இரண்டு சாகுபடி ஆண்டுகள்தான். ஆகவே இப்படிப்பைத் திட்டமிடுவோர் முதலில் மேசையில் விரிக்க வேண்டியது பாடங்களின் பட்டியலை அல்ல, பயிர்க் காலண்டரை என்பதே இக்கட்டுரையின் வாதம். பட்டப்படிப்பைச் சுருக்கி எடுத்தால் பட்டயம் வந்துவிடும் என்ற எண்ணத்தைக் கைவிடாமல் இது நடக்காது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பின் முகம் ஓரளவு தெளிவானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திருச்சி மாவட்டம் குமுளூர், புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் போன்ற இடங்களில் இதை நடத்தி வந்திருக்கிறது. மேல்நிலைக் கல்வி முடித்தவர்கள் சேர்கிறார்கள். தமிழ் வழியிலும் படிக்கலாம். கிராமத்தில் விவசாயி முதலில் சந்திக்கும் அரசு அலுவலரான உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு இந்தப் பட்டயமே தகுதி. அந்த வேலை கிடைக்காதவர்கள் விதை நிறுவனங்களுக்கும் உரக்கடைகளுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் போகிறார்கள். சிலர் அப்பாவின் வயலுக்கே திரும்புகிறார்கள். எங்கே போனாலும் அவர்கள் எதிரில் வந்து நிற்பவர் சிறு விவசாயிதான்: 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 0.75 எக்டர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு.

அவர் கேட்கும் கேள்விகள் துறைவாரியாக வருவதில்லை. “மூன்றாம் மேலுரம் இப்போது போடலாமா, மழைக்குப் பிறகு போடலாமா?” என்பார். அந்த ஒரு கேள்வியில் பயிர் வளர்ச்சிப் பருவம், மண்ணின் ஈரம், தழைச்சத்து வீணாகும் விதம், வானிலை அறிவிப்பு, யூரியா வாங்கக் கையில் காசு இருக்கிறதா என்பது எல்லாம் அடக்கம். பாடத்திட்டத்தில் இவை உழவியல், மண்ணியல், வானிலையியல், பொருளியல் என்று வெவ்வேறு தாள்களில், சில நேரம் வெவ்வேறு ஆண்டுகளில் கிடக்கின்றன.

இப்படி ஆனதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1868-ல் சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, 1971-ல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தின் பெருமை ஆராய்ச்சியில் கட்டப்பட்டது. ஆராய்ச்சிக்குத் துறைப் பிரிவினை அவசியம். ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 போன்ற நெல் ரகம் பயிர்ப் பெருக்க வல்லுநர்கள் தனித்து உழைத்ததால் கிடைத்தது. ஆனால் அதே பிரிவினையைப் பதினெட்டு வயது பட்டய மாணவருக்கான பாடத்திட்டத்திலும் கொண்டுவந்து வைக்கும்போது, ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஒரு தாள் கேட்கிறது. பாகப்பிரிவினையில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. கடைசியில் மாணவருக்குக் கிடைப்பது எல்லாவற்றிலும் கொஞ்சம்.

பருவத்துக்கு ஏற்பக் கல்வியாண்டை வளைப்பது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்பவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். 1880-களில் அது பண்ணை இளைஞர்களுக்காகத் தொடங்கிய குறுகிய காலப் படிப்பு, வயலில் பனி மூடி வேலை ஓய்ந்திருக்கும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் நடந்தது. நூறாண்டுக்கு மேல் நீடித்த அந்த ஏற்பாட்டின் தர்க்கம் எளிது: வீட்டுப் பண்ணையில் ஆள் தேவைப்படும்போது மாணவர் பண்ணையில் இருக்கட்டும். நமக்கு வேண்டியது இதன் மறுபக்கம். பயிர் நிற்கும்போது மாணவர் கல்லூரிப் பண்ணையில் இருக்க வேண்டும்; விடுமுறை பயிர் இல்லாத நாட்களில் வர வேண்டும்.

காவிரி டெல்டாவையே எடுத்துக்கொள்வோம். மே மாதக் கோடை உழவில் தொடங்கினால், ஜூனில் குறுவை நாற்றங்கால், செப்டம்பரில் அறுவடை. ஆகஸ்டு, செப்டம்பரில் சம்பா நாற்று. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்போது சம்பா தூர்கட்டி நிற்கும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அறுவடை. அதையொட்டி உளுந்து, பயறு. ஏப்ரலில் அதுவும் வீடு வந்துவிடும். படிப்பு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கி மே, ஜூனில் விடுமுறை விட்டால், மாணவர் இரண்டு சம்பாவைப் பார்ப்பார்; ஒரு குறுவையைக்கூட விதையிலிருந்து களம் வரை பார்க்க மாட்டார். பொங்கல் விடுமுறை அறுவடை நேரத்தில் வருவது வேறு வேடிக்கை. ஊருக்குப் போகும் மாணவர் அங்காவது அறுவடையைப் பார்ப்பார் என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். சேர்க்கையை முன்னால் கொண்டுவர முடியாதென்றால், முதலாண்டு இறுதித் தேர்வை ஏப்ரலில் முடித்து, மாதக் கடைசிக்குள் விடுமுறையையும் கொடுத்து, இரண்டாம் ஆண்டைக் கோடை உழவோடு தொடங்கலாம். அந்த ஒரு மாற்றமே ஒரு முழுக் குறுவையைப் படிப்புக்குள் கொண்டுவந்துவிடும்.

நெல் தரிசில் உளுந்து விதைப்பதை எடுத்துப் பார்த்தால் இந்தத் திட்டத்தின் பொருள் விளங்கும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்து விதையைத் தெளிப்பது டெல்டாவின் பழைய வழக்கம். ஈரம் கூடினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. காலில் மிதித்துப் பார்த்துத்தான் பதம் சொல்ல வேண்டும். கதிர் அறுக்க ஆள் இருந்தவரை இது பழுதில்லாமல் நடந்தது. அறுவடை இயந்திரம் வந்தபிறகு, அதன் சக்கரமும் சங்கிலிப் பட்டையும் முளைத்த உளுந்தை நசுக்கிவிடுகின்றன. முன்கூட்டியே தெளித்து இழப்பை ஏற்பதா, இயந்திரம் போனபின் விதைத்து ஈரத்தை இழப்பதா, விதை அளவைக் கூட்டுவதா என்பதற்கு வயலுக்கு வயல் விடை மாறும். பயறு வகைகளுக்கான ஆராய்ச்சி மையம் அமைந்த வம்பனிலேயே பட்டயப் படிப்பும் நடப்பது ஒரு வாய்ப்பு. ஆனால் இந்தப் பதத்தை ஜனவரி கடைசியில் வயலில் நின்றால்தான் கற்றுக்கொள்ள முடியும்; நவம்பரில் வகுப்பில் நடத்தி மார்ச்சில் தேர்வு வைத்துக் கற்பிக்க இயலாது.

களப்பயிற்சியைப் போற்றுவோர் கணக்கைக் குறைத்து மதிப்பிடுவதும் உண்டு. அது தவறு. காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்கு, மண் பரிசோதனை இல்லாத நிலையில், பொதுப் பரிந்துரை எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ. ஏக்கருக்கு ஏறக்குறைய 60:20:20. விவசாயி வாங்குவது சத்தை அல்ல, மூட்டையை. டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 விழுக்காடு; 20 கிலோவுக்கு 43.5 கிலோ டி.ஏ.பி. வேண்டும், 50 கிலோ மூட்டையில் கொஞ்சம் மிஞ்சும். அதே டி.ஏ.பி.யில் 18 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால் கிட்டத்தட்ட 8 கிலோ வந்துவிட்டது. மீதி 52 கிலோவுக்கு, 46 விழுக்காடு தழைச்சத்துள்ள யூரியா 113 கிலோ. இன்றைய 45 கிலோ மூட்டையில் இரண்டரை. பொட்டாஷ் 33 கிலோ. டி.ஏ.பி.யிலுள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்தால் ஏக்கருக்கு 17 கிலோ யூரியா கூடுதலாக விழும். பயிர் கருகருவென்று வளரும், இலைச்சுருட்டுப் புழுவும் கூடவே வரும். இந்தக் கணக்கை மாணவர் தேர்வுத் தாளில் ஒரு முறை போடுவதைவிட, உரக்கடையில் நிற்கும் விவசாயிக்காகப் பத்து முறை போட வேண்டும்.

அடிப்படை அறிவியல் நீர்த்துப்போகுமே என்பது இந்த வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு. அறிவியல் எந்த வரிசையில் வருகிறது என்பதே இங்கே கேள்வி. பச்சையம், தழைச்சத்து பற்றிய பாடத்தை இலை வண்ண அட்டையோடு சேர்த்து நடத்தலாம். நடவு செய்த 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற நிறத்துக்குக் கீழே போனால் மேலுரம். ஏன் ரகத்துக்கு ரகம் எண் மாறுகிறது என்று மாணவர் கேட்கும் இடத்தில் பயிர் வினையியல் தொடங்கட்டும். குருத்துப்பூச்சியும் அப்படியே. சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல், அல்லது நடுக்குருத்து காய்தல் 10 விழுக்காடு, கதிர் வந்தபின் வெண்கதிர் 2 விழுக்காடு என்ற பொருளாதாரச் சேத நிலையை மனப்பாடம் செய்வது பத்து நிமிட வேலை. சேற்றில் இறங்கி எண்ணிப் பார்த்து, “இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை, மருந்து வேண்டாம்” என்று பதற்றத்தில் இருக்கும் விவசாயியிடம் சொல்லும் துணிவு வர ஒரு பருவம் பிடிக்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. மேட்டூரை நம்பிப் பாடத்திட்டம் போட முடியுமா? 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12-ல் அணை திறக்கப்படவில்லை. 2020-ல்தான் மீண்டும் அந்தத் தேதியில் திறந்தது. தேதியில் பூட்டிய பாடத்திட்டம் அப்படிப்பட்ட ஆண்டில் கவிழ்ந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் தண்ணீர் வராத ஆண்டில் விவசாயி எடுக்கும் மாற்று முடிவுகளும், அதாவது நேரடி விதைப்பு, குறுகிய கால ரகம், குறுவையை விட்டு நீண்ட கால சம்பாவுக்குப் போவது ஆகியவையும், பாடம்தான். குமுளூருக்கும் வம்பனுக்கும் ஒரே காலண்டர் பொருந்தாது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மானாவாரிப் பகுதிக்கு ஆடிப்பட்டமும் புரட்டாசிப் பட்டமும் அச்சாக அமையும். பருவங்களின் வரிசையை அந்தந்தக் கல்லூரி முடிவு செய்ய விடுவதே முறை.

எல்லாவற்றையும் இந்த அச்சில் வார்க்க முடியாது. கரும்பும் வாழையும் ஏறக்குறைய ஓராண்டுப் பயிர்கள், அடங்கிவிடும். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வரவே ஐந்தாறு ஆண்டு ஆகும். மரப்பயிர்களுக்கு வெவ்வேறு வயதுத் தோப்புகளைச் சுற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, அது அரைகுறைதான்.

முதலாண்டில் மாணவர் கல்லூரிப் பண்ணையின் பயிரோடு போகட்டும். இரண்டாம் ஆண்டில் இருவருக்கோ மூவருக்கோ சேர்த்து இருபது, இருபத்தைந்து சென்ட் நிலம் கொடுத்து, ரகத்தைத் தேர்வதிலிருந்து விற்பதுவரை அவர்களே முடிவு செய்யட்டும். கூலி, உழவு வாடகை, உரம் அனைத்தும் கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நெல் நிற்கும் என்பதை அவர்கள் சாக்கோடு நின்று தெரிந்துகொள்ள வேண்டும். அடங்கல் இல்லாமல் பயிர்க் காப்பீட்டில் என்ன சிக்கல் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்க வேண்டும். மாணவரைப் பண்ணைக் கூலியாளாக்கும் திட்டம் இது என்ற குற்றச்சாட்டு எழலாம். களை எடுப்பதை மட்டும் அவர்களிடம் விட்டு, எப்போது எடுப்பது என்பதைப் பண்ணை மேலாளரே வைத்துக்கொண்டால் அந்தக் குற்றச்சாட்டு நியாயம்.

பாடத்திட்டத்தில் காலி இடமும் வேண்டும். 2018 மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அந்த ஆண்டே பெரம்பலூர், அரியலூர் பகுதி மக்காச்சோளத்தை அரித்துத் தீர்த்தது. 2017-ல் சேர்ந்த பட்டய மாணவர் கையிலிருந்த பாடநூலில் அது இருந்திருக்க முடியாது. 2019-ல் வேலைக்குப் போனபோது விவசாயி கேட்டதோ அதைப் பற்றித்தான். ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு வாரத்தை, முன்கூட்டித் தலைப்பு எழுதாமல், அந்த ஆண்டு வயலில் வந்த சிக்கலுக்கென்று ஒதுக்குவது பெரிய செலவில்லாத ஏற்பாடு.

இவையெல்லாம் இப்போது அவசரமாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, பட்டப்படிப்பை இடையில் விட்டு வெளியேறுவோருக்கு முதலாண்டு முடிவில் சான்றிதழ், இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டயம் என்று வழி திறந்தது. வேளாண்மைப் படிப்புகளும் அந்த வழியில் நகர்கின்றன. குடும்பச் சூழலால் படிப்பை விடும் மாணவர் வெறுங்கையோடு போகாமல் இருப்பது நல்லதே. ஆனால் நான்காண்டுப் படிப்பின் முதல் இரண்டாண்டுகள், அடுத்த இரண்டாண்டுகளுக்கான அடித்தளமாகத் திட்டமிடப்பட்டவை. கிராமத்தில் தங்கிப் பெறும் நீண்ட களப்பயிற்சி அங்கே நான்காம் ஆண்டில்தான் வருகிறது. சில வார உள்ளகப் பயிற்சியை ஒட்டவைப்பதால் அந்த முதல் இரண்டாண்டுகள் தனித்து நிற்கும் படிப்பாகிவிடா. இரண்டு சாகுபடி ஆண்டுகளை முழுமையாகக் கடந்து வருபவருக்கும், பாதியில் வெளியேறுபவருக்கும் ஒரே பெயரில் பட்டயம் வழங்கி, ஒரே பணிக்குத் தகுதியாக வைப்பது தவறு. பல்கலைக்கழகமும் பணியாளர் தேர்வு விதிகளை எழுதுவோரும் இவ்விரண்டையும் இப்போதே பெயராலும் தகுதியாலும் பிரித்துவைக்க வேண்டும்.