நேபாளத்துக் கிளர்ச்சிகள்

வடக்கே திபெத்தும் ஏனைய மூன்று திக்குகளிலும் இந்தியாவும் சூழ்ந்த, கடற்கரையில்லாத தேசம் நேபாளம். வெளிநாட்டுச் சரக்கு கல்கத்தா துறைமுகத்தில் இறங்கி, பீகாரின் ரக்சௌல் வழியாக எல்லை தாண்டி பீர்கஞ்சுக்குள் நுழைந்தால்தான் காட்மாண்டுவின் கடைவீதி நடக்கும் என்னும் இந்தப் பூகோள நிர்ப்பந்தத்தை மனத்தில் இருத்தினாலன்றி, அந்நாட்டில் 1950 முதல் எழுந்த கிளர்ச்சிகளின் போக்கும், அவற்றால் அண்டை ராஜ்யங்களில் விளைந்த சலனங்களும் விளங்கமாட்டா.

1846-ல் கோட் படுகொலையின் மூலம் அதிகாரத்தைக் கைப்பற்றிய ஜங் பகதூரின் வழிவந்த ராணாக்கள், மன்னரைப் பெயரளவில் சிம்மாசனத்தில் இருத்திவிட்டு, பிரதம மந்திரி பதவியைக் குடும்பச் சொத்தாக்கிக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டனர். 1857-ல் பிரிட்டிஷாருக்குச் சேனை அனுப்பியும், பின்னர் கூர்க்காப் படைக்கு ஆள் கொடுத்தும் அவர்கள் சம்பாதித்த ஆதரவு, 1947-ல் ஆங்கில ஆட்சியோடு அகன்றது. அதற்குள் காசியிலும் கல்கத்தாவிலும் படித்த நேபாள வாலிபர்கள் இந்தியக் காங்கிரஸ் இயக்கத்தில் சிறை சென்று திரும்பியிருந்தனர்; அவர்களுள் தலையாயவர் பி. பி. கொய்ராலா. நேபாளி காங்கிரஸ் கட்சி கல்கத்தாவிலேதான் பிறந்தது. தாய்நாட்டில் கூட்டம் போட வழியில்லாத கட்சிக்கு வேறு புகல் ஏது?

1950 நவம்பர் 6-ஆம் தேதி, வேட்டைக்குச் செல்வதாகச் சொல்லிக் குடும்பத்தோடு அரண்மனையை விட்டுப் புறப்பட்ட மன்னர் திரிபுவன், வழியில் கார்களை இந்தியத் தூதரகத்து வாசலுக்குள் திருப்பிப் புகலடைந்தார். அவசரத்தில் விடப்பட்ட மூன்று வயதுப் பேரன் ஞானேந்திரனுக்கு மறுநாளே முடிசூட்டி, அவன் பெயரில் நாணயமும் அடித்தார் ராணா பிரதமர் மோகன் ஷம்ஷேர். அந்தக் குழந்தை அரசை இந்தியா அங்கீகரிக்கவில்லை; திரிபுவனை விமானத்தில் டெல்லிக்குக் கொண்டு சென்றது. அதே வாரத்தில் நேபாளி காங்கிரஸின் முக்தி சேனை எல்லை கடந்து பீர்கஞ்சைத் தாக்கியது. முந்திய மாதத்தில்தான் சீனப் படைகள் கிழக்குத் திபெத்தினுள் பிரவேசித்திருந்தன என்பதைக் கருதினால், இந்தியப் பிரதமர் நேரு இவ்விஷயத்தில் காட்டிய அக்கறையை வெறும் ஜனநாயகப் பற்று என்று மட்டும் கொள்வது பேதைமையாகும். இமயமலையே தமது தேசத்தின் அரண் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். முடிவில் மன்னர், ராணாக்கள், காங்கிரஸ் ஆகிய மூவருக்கும் இடையில் டெல்லியில் சமரசம் ஏற்பட்டு, 1951 பிப்ரவரி 18-ல் ராணா ஏகபோகம் முடிந்ததாகத் திரிபுவன் பிரகடனம் செய்தார். புரட்சி வென்றது, ஆனால் அதன் உடன்படிக்கை அயலூரில் எழுதப்பட்டது என்ற குறை அன்றே நேபாள மக்களின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

1959-ல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் 109 இடங்களுள் 74-ஐக் கைப்பற்றிப் பிரதமரான கொய்ராலாவை, 1960 டிசம்பர் 15-ல் மன்னர் மகேந்திரர் சிறையிலிட்டார். கட்சிகளற்ற பஞ்சாயத்து முறையை நிறுவினார். இந்திய மண்ணிலிருந்து காங்கிரஸார் தொடுத்த தாக்குதல்கள் மன்னரைச் சீனாவோடு நெருங்கச் செய்தன. காட்மாண்டுவிலிருந்து திபெத் எல்லையிலுள்ள கோதாரி வரை சாலை போடச் சீனா இசைந்தது. 1962-ல் சீன யுத்தம் மூண்டதும் இந்தியாவுக்கு நேபாள மன்னரின் நல்லெண்ணம் தேவைப்பட்டது, தாக்குதல்கள் நின்றன. 1973-ல் அக்கட்சியின் இளைஞர்கள் விராட்நகரிலிருந்து பறந்த விமானத்தைக் கடத்தி, பீகாரின் போர்ப்ஸ்கஞ்சில் இறக்கி, அதிலிருந்த அரசாங்கப் பணத்தைக் கவர்ந்தனர். பயணிகளுள் ஒருவர் இந்தித் திரை நட்சத்திரம் மாலா சின்ஹா.

பஞ்சாயத்து முறைக்குச் சாவுமணி அடித்தது, விந்தையாக, ஒரு வியாபார வழக்கு. சீனாவிடம் மன்னர் வீரேந்திரர் ஆயுதம் வாங்கியதில் அதிருப்தியுற்ற இந்தியா, 1989 மார்ச்சில் வர்த்தக, போக்குவரத்து உடன்படிக்கைகள் காலாவதியானதும், இரண்டொன்று தவிர எல்லை வாயில்களை எல்லாம் அடைத்தது. மண்ணெண்ணெய் கிட்டாமல் ஜனங்கள் காட்டு மரத்தை வெட்டி உலை வைத்தனர். மன்னர் தேசபக்தியைத் தூண்டி நிலைமையைச் சமாளிக்க முயன்றார். ஜனங்களோ, கோபத்தில் ஒரு பாதியை அரண்மனைப் பக்கம் திருப்பினர். 1951-ன் பிரகடன நாளாகிய பிப்ரவரி 18-ஐயே தேர்ந்து 1990-ல் தொடங்கிய ஜன ஆந்தோலன் என்னும் மக்கள் இயக்கம், ஏப்ரலில் கட்சித் தடையை நீக்கச் செய்தது.

1996 பிப்ரவரியில் ஆயுதமேந்திய மாவோயிஸ்டுகளின் கோரிக்கைப் பட்டியலில் முதலாவது, இந்தியாவோடு 1950-ல் செய்த சமாதான, நட்புறவு உடன்படிக்கையை ரத்துச் செய்ய வேண்டும் என்பது. பத்தாண்டு யுத்தத்தில் 13,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இடையில், வீரேந்திரரைப் பலிகொண்ட 2001-ன் அரண்மனைப் படுகொலைக்குப்பின், 1950-ன் அக்குழந்தை ஞானேந்திரரே இரண்டாம் முறை மன்னரானார். 2005-ல் சர்வாதிகாரத்தைக் கைக்கொண்டு, அதனாலேயே தம் எதிரிகள் எல்லாரையும் ஒன்றுசேர்த்தார். மாவோயிஸ்டுகளும் ஏழு கட்சிகளும் கைகோத்த பன்னிரண்டு அம்ச ஒப்பந்தம் உருவான இடமும் டெல்லியே. 2006 ஏப்ரல் எழுச்சிக்குப் பின் மன்னர் பணிந்தார். 2008 மே 28-ல் முடியாட்சி ஒழிந்தது.

2015 செப்டம்பர் 20-ல் புதிய அரசியல் சாசனம் பிரகடனமானபோது, தராய்ச் சமவெளியின் மதேசிகள் தங்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதாகப் பீர்கஞ்சின் எல்லைப் பாலத்தில் அமர்ந்தனர். லாரிகள் ரக்சௌலில் மாதக்கணக்கில் நின்றன. தான் தடை விதிக்கவில்லை என்றது இந்தியா. காட்மாண்டுவில் அதை நம்பியவர் அரிது. அவ்வாண்டு ஏப்ரல் பூகம்பத்தில் வீடிழந்து கூடாரத்தில் குடியிருந்தவர்கள் அக்குளிர்காலத்தை எரிபொருளின்றிக் கழித்தனர். சமையல் வாயு சிலிண்டரைப் பாதி மட்டும் நிரப்பி, 7.1 கிலோவாகப் பங்கிட்டது அரசாங்கம். மதேசிகளின் குறை நியாயமானதே. ஆனால் அடுப்பில் கைவைத்த அந்த உபாயத்தால் அதிக லாபமடைந்தது சீனா. 2016 மார்ச்சில் பிரதமர் ஓலி சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம் செய்துகொண்டார்.

2025 செப்டம்பரில் சமூக ஊடகங்களுக்கு விதித்த தடையும், தலைவர்களின் ஊழலும், அவர்தம் பிள்ளைகளின் ஆடம்பரமும் மூட்டிய இளைஞர் கிளர்ச்சி இவ்வரிசையில் வேறுபட்டது. 2022-ல் கொழும்பும் 2024-ல் டாக்காவும் கண்ட காட்சிகளையே அது நினைவூட்டியது. அதற்குக் காசியிலோ டெல்லியிலோ தலைமையகம் இருக்கவில்லை. முதல் நாளில் 19 பேர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாயினர். மறுநாள் ராணாக்கள் கட்டிய சிங்க தர்பார் தீக்கிரையாயிற்று, மீண்டும் பிரதமராயிருந்த ஓலி பதவி விலகினார். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி செப்டம்பர் 12-ல் நாட்டின் முதல் பெண் பிரதமராகப் பொறுப்பேற்றார்; பிரதிநிதி சபை கலைக்கப்பட்டு, 2026 மார்ச் 5 தேர்தல் நாளாகக் குறிக்கப்பட்டது.