போருக்குப் போகலாம்னு எழுதிக் கொடுப்பவர்கள்

கொட்டாரத்துல இருந்து கன்னியாகுமரிக்கு பஸ் ஏறினா, ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி விவேகானந்தபுரம் வரும். சுற்றுலா வர்றவங்களுக்கு அது தங்குற இடம். 1972-ல் தொடங்கிய விவேகானந்த கேந்திரத்தின் தலைமையகமும் அதுதான். அந்தக் கேந்திரத்தின் சார்பில் 2009-ல் டெல்லியில் ஒரு ஆய்வு மையம் ஆரம்பிச்சாங்க, விவேகானந்தா இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன். இடம் சாணக்கியபுரி. பேர்ப் பொருத்தம் பாத்தீங்களா? அதன் முதல் இயக்குநர் அஜித் தோவல். 2014 மே மாதம் அவர் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் ஆனார். அதே வாரம், அதே மையத்தின் நிர்வாகக் குழுவில் இருந்த நிருபேந்திர மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலாளர் ஆனார்.

இதைக் கேட்டதும் "அப்போ போருக்குப் போறதா வேண்டாமானு இவங்கதான் முடிவு பண்றாங்களா?"னு தோணும். 2016, 2019 தாக்குதல் முடிவுகள் எல்லாம் அரசாங்க அறைக்குள் எடுத்தவை, ஆய்வு மையத்தில் எடுத்தவைனு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஓய்வு பெற்ற அதிகாரிகள், ஜெனரல்கள், பேராசிரியர்கள் உட்கார்ந்து கட்டுரை எழுதி, கருத்தரங்கு நடத்துற இந்த 'திங்க் டேங்க்' சமாச்சாரம் போர் விஷயத்துல உண்மையிலேயே என்ன செய்யுது? அதைப் பார்க்க நல்ல இடம் 1971.

1965 போர் முடிந்த கையோடு, அந்த வருஷம் நவம்பரில் டெல்லியில் ஐ.டி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. பணம் கொடுப்பது பாதுகாப்பு அமைச்சகம். 1968-ல் அதுக்கு இயக்குநரா வந்தவர் நம்ம திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படிச்சு ஐ.ஏ.எஸ். ஆனவர். இப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா.

1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சொந்த மக்கள் மேலேயே பாய்ந்தது. ஆறே நாள். மார்ச் 31-ல் டெல்லியில் இந்திய உலக விவகார கவுன்சில் நடத்திய ஒரு கூட்டத்தில் சுப்ரமணியம் பேசினார். பாகிஸ்தான் உடைவது இந்தியாவுக்கு நல்லது, இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது என்பதுதான் அவர் பேச்சின் சாரம். மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. அதே மார்ச் 31-ல் நாடாளுமன்றம் கிழக்கு வங்க மக்களுக்கு ஆதரவாத் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தில் போர் என்ற பேச்சே கிடையாது.

சுப்ரமணியம் சொன்னது உடனே இறங்கணும் என்று. இந்திரா காந்தி இறங்கவில்லை. மானெக்‌ஷா "இப்ப முடியாது"னு சொல்லி அவரைத் தடுத்தார் என்ற கதை சினிமாவிலேயே வந்தாச்சு. வரலாற்றாசிரியர் ஸ்ரீநாத் ராகவன் அதை ஏற்கவில்லை. இந்திராவுக்கே அப்போ அந்த அவசரம் இல்லை என்கிறார். எனக்கும் அதுதான் நியாயமாப் படுது. பிரதமரின் செயலாளர் பி.என். ஹக்சர் ஆரம்பத்திலிருந்தே நிதானம் வேணும்னு எழுதிக்கொண்டிருந்தவர். இன்னொரு நாட்டுக்குள் படையோடு நுழைந்தால் உலகம் என்ன சொல்லும் என்பது அவர் கவலை. மழைக்காலம் வந்தால் கிழக்கு வங்கம் முழுக்க வெள்ளக்காடு. குளிர்காலம் வரை காத்திருந்தால் இமயமலைக் கணவாய்கள் பனியில் மூடும், சீனா இறங்குவது கஷ்டம்.

ஆக, சுப்ரமணியம் குறித்த தேதியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கணக்கு மட்டும் நின்றது. அகதிகளை வருஷக்கணக்கில் வைத்துப் பார்க்கிற செலவு ஒரு போரின் செலவைவிட அதிகமாகும் என்று அவருடைய நிறுவனம் கணக்குப் போட்டுக் காட்டியது. அந்த வாதம் டெல்லியில் பரவியது. அகதிகள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்ட நிலையில், "போர் வேண்டாம்" என்பவர்தான் விளக்கம் சொல்லவேண்டிய ஆள் ஆனார். ஆய்வு மையம் செய்யும் வேலை இதுதான்னு நினைக்கிறேன். எப்போ அடிக்கணும்னு அதால் சொல்லி ஜெயிக்க முடியாது. அடிக்காம இருக்கிறதுக்கு என்ன விலைனு அது எழுதிவைக்கும்.

காத்திருந்ததுக்கும் விலை இருந்தது, கேட்டியளா. ஜூன் மாதம் மேற்கு வங்க முகாம்களில் காலரா வந்து ஆயிரக்கணக்கில் செத்தாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் கொலைகள் நிற்கவில்லை. ஆகஸ்ட் 9-ல் சோவியத் ஒப்பந்தம், டிசம்பர் 3-ல் போர், 16-ல் டாக்காவில் சரணடைவு. எட்டு மாசம் முன்னாடியே போயிருந்தா எத்தனை பேர் பிழைத்திருப்பாங்க, தயாராகாத படையில் எத்தனை ஜவான் செத்திருப்பான்? லேசான கேள்வி இல்ல.

இன்னொரு விளைவும் இருந்தது. சுப்ரமணியத்தின் அந்த 'வாய்ப்பு' பேச்சைப் பாகிஸ்தான் கெட்டியாப் பிடித்துக்கொண்டது. இந்தியா முதலிலிருந்தே சதி பண்ணியது, இதோ அவங்க ஆளே சொல்றார் பாருங்கனு காட்ட அதுக்கு ஒரு ஆதாரம் கிடைத்தது. அரசாங்கம் செய்யவே இல்லாத முடிவு, அரசாங்கத்தின் திட்டமாகிப்போனது. அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தின் இயக்குநர் பேசினால் அடுத்த நாட்டுக்காரன் வேற எப்படி எடுத்துப்பான்?

அமெரிக்காவில் நடந்தது வேற மாதிரி. 1998 ஜனவரி 26-ல் 'புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம்' என்ற சின்ன அமைப்பு அதிபர் கிளின்டனுக்கு ஒரு கடிதம் எழுதியது. சதாம் உசேனை ஆட்சியிலிருந்து அகற்றணும் என்று. கையெழுத்துப் போட்டவங்க 18 பேர். கிளின்டன் படையெடுக்கவில்லை. 2001-ல் ஆட்சி மாறியது. கையெழுத்துப் போட்ட ரம்ஸ்ஃபெல்ட் பாதுகாப்பு அமைச்சர், உல்ஃபோவிட்ஸ் அவருக்கு அடுத்த இடம். செப்டம்பர் 11 வந்தது. 2003 மார்ச்சில் ஈராக் போர். பேரழிவு ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. கடிதம் அதேதான், எழுதினவங்க உட்கார்ந்த நாற்காலி மாறியிருந்தது. 1971-ல் சுப்ரமணியம் மேசையில்தான் இருந்தார். முடிவு ஹக்சர், மானெக்‌ஷா, உளவுத்துறையின் காவ், டி.பி. தர் போன்றவர்களைத் தாண்டி இந்திராவிடம் போகணும். அந்த இடைவெளி இருந்ததால் ஒரு கட்டுரையை அலசிப் பார்த்து, பாதியை எடுத்துக்கொண்டு, பாதியைத் தள்ள முடிந்தது.

எங்க ஊர்ப் பக்கம் பழைய கணக்கு ஒண்ணு உண்டு. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவுக்கு ஆலோசனை சொன்ன ராமய்யன் தளவாய்தான் டச்சுப் படைக்கு எதிரே களத்திலும் நின்றார். சொன்ன யோசனை தப்பினா முதலில் போவது அவர் தலை. ஈராக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவங்களில் பலர் அப்புறமும் டிவியில் நிபுணராகப் பேசிட்டு இருந்தாங்க.

1987 ஜூலையில் இலங்கைக்கு அமைதிப்படை அனுப்பிய முடிவை இந்த எபிசோடில் சேர்க்கலாம்னு நினைச்சேன். அதுக்குத் தனியா ஒரு மணி நேரம் வேணும். அடுத்த வாரம்.